கலோரிக்கு முத்திரை குத்த முடியாது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நானும் உன் அக்காவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது வியாழக்கிழமை அவளுக்கு மார்பகப் பரிசோதனை முடிந்த பிறகு எழுத வேண்டிய சொல். அதனால் அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன். உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும்.

உங்கள் பெரியக்காவை மார்பகப் புற்றுநோய் கொண்டுபோனதிலிருந்து எனக்குள் ஒரே பயம். போன மாதம் உன் அக்காவை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். முப்பது வருஷம் கடைகடையாய் ஏறி இறங்கித் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்தியவனாயிற்றே, கிலோ எங்கே வைத்தாலும் கிலோ, கலோரியும் அப்படித்தானே என்று கேட்டேன். "கணக்குல ஒண்ணுதான் சார். உடம்புக்கு அது எதுலேருந்து வந்தது, எங்க போய்ச் சேர்ந்ததுங்கறதும் முக்கியம்" என்றார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்ணுடம்பில் ஏறும் கொழுப்பு சும்மா உட்கார்ந்திருக்காதாம், ஹார்மோன் தயாரிக்குமாம், அது இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டுமாம், மதுவில் வரும் கலோரி கொஞ்சமானாலும் கூட்டுமாம். மாப்பிள்ளை, எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஒரு அலுவலகமே உட்கார்ந்து பார்க்கிற விசாரணையை இந்த உடம்பு கவளத்துக்குக் கவளம் நடத்துகிறது, நாம் பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கிறோம். இத்தனை வயசுக்கு அப்புறம் என் கையையே புதுசாகப் பார்த்தேன்.

"கொழுப்பைக் குறைக்கணும்" என்று டாக்டரம்மா சொன்னதும் உன் அக்கா என்னைத்தான் திரும்பிப் பார்த்தாள். மறுநாளே சமையலறையில் தராசு வைத்தேன். எண்ணெய்க்குக் கரண்டிக் கணக்கு, சர்க்கரை டப்பா பரண்மேல், ரொட்டித்துண்டுகூட எடைபோடாமல் தட்டுக்குப் போகாது. அவள் குடிக்காத மதுவை அவளுக்காக யார் நிறுத்துவது, நான்தான் நிறுத்தினேன். என் கால்சட்டை இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. ஆனால், சாப்பாட்டைச் சரிசெய்தால் ஆபத்து குறையலாம், பரிசோதனைக்கு அது பதிலாகாது என்றும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். உன் அக்காவோ ஒருநாள் முழங்கால் வலி என்கிறாள், மறுநாள் துணி துவைக்கணும் என்கிறாள். எனக்கு அவளை விட்டால் யார் இருக்கா, சொல்லு. புதன்கிழமையே வந்து நீதான் அவளை இழுத்துக்கொண்டு போகணும்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பிள்ளைகளுக்கு எடை குறையாத ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: நீ வர வேண்டாம். தபால்தலை எவ்வளவு ஒட்டுவது என்று பார்க்க இந்தக் கடிதத்தைச் சமையலறைத் தராசில் வைத்தேன். முள் நிலைகொள்ளவில்லை. தராசைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நாலாக மடித்த உன் அக்காவின் பரிசோதனை அறிக்கை. தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது. சந்தேகப்பட ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறது. தனியாகவே போய்வந்திருக்கிறாள். ஆக, மூன்று வாரமாக நான் போட்ட எடை எல்லாமே தப்பு. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா மறுபடியும் பாட்டிலைத் திறப்பீங்க. உங்க கொழுப்பும் கொஞ்சம் குறையட்டும்னுதான்" என்றாள். கொஞ்ச நேரம் பாத்திரம் கழுவிவிட்டு, திரும்பாமலே, "தனியா உட்கார்ந்திருக்க ரொம்ப பயமா இருந்துச்சு. அடுத்த தடவை நீங்களும் வாங்க" என்றாள்.