சம்பந்திக்கு நான் மொழிபெயர்க்கப் போனது

மதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பியின் வணக்கம்.

உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் காது மந்தமும் இந்தக் கடிதம் வந்து சேர்வதற்குள் பாதியாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதப் போனேன், பேனா கொஞ்சம் தயங்கியது. பெரும்பாலும் நலம் என்று திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். சம்பந்தி எப்படி இருக்கிறார் என்று நீங்கள் போனில் கேட்டபோது மகள் பக்கத்திலேயே நின்றதால், "எல்லாம் சரியாப் போச்சுக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எப்படிச் சரியானது என்பதில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே உட்கார்ந்து வாசியுங்கள்.

சம்பந்தியை உங்களுக்கு நினைவிருக்கும். மகள் கல்யாணத்தன்று யார் வந்து பேசினாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு தூண் ஓரமாக நின்றாரே, அவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வேலைக்காலம் முழுக்கக் கடலுக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து கப்பல் சரக்கை இறக்கியவர். சம்பந்தியம்மா தவறிய பிறகு மாப்பிள்ளை அவரை இங்கே கூட்டிவந்து, எட்டாவது மாடியில் என் அறைக்கு அடுத்த அறையைக் கொடுத்தார். உயரம் பழகிய மனிதர், ஜன்னலோரமாக நிம்மதியாக இருப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். ஜன்னல் ஒன்றும் செய்யவில்லை அக்கா, லிப்ட்தான் செய்தது. கதவு மூடியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், வியர்த்துக் கொட்டியது, மாரடைப்பு என்று ஆம்புலன்ஸ் வந்தது, எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு இவருடைய இதயம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று அந்த டாக்டர் சொன்னார், என்னுடையதை அவர் பார்த்ததே இல்லை. மறுபடியும் அப்படியே ஆனது. அதற்கும் மறுபடியும் ஆனபோது, இது இதயக் கோளாறு இல்லை, மனப்பதற்றம், மனநலப் பிரிவில் கவுன்சிலரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். அன்றிலிருந்து சம்பந்தி கீழேயே இறங்கவில்லை. கவுன்சிலர் என்றதும் தேர்தலில் நிற்பவர் என்று நினைத்துவிடாதீர்கள், இவர் நாம் பேசுவதைக் கேட்பவர்.

சீட்டைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி வரவேற்பில் கொடுத்தேன். இந்த ஊர் மொழி பேசுகிறவர் என்றால் அடுத்த வாரமே வரலாம், தமிழ் மட்டும்தான் தெரியும் என்றால் மொழிபெயர்ப்பாளர் கிடைக்க ஏழு மாதம் ஆகும் என்று அங்கிருந்த பெண் மரியாதையாகச் சொன்னாள். ஒரே நோய், ஒரே கட்டடம், உட்காரும் நாற்காலியும் ஒன்றே, வாயைத் திறந்தால் மட்டும் ஏழு மாதம். நான் விடுவேனா? பத்திரிகையில் இரண்டு மொழியிலும் பிழை திருத்தியே தலை நரைத்தவன் ஒருவன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறானே, நானே மொழிபெயர்க்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்கு நீங்கள் போனில் சொன்னது: "தம்பி, வீட்டு விஷயம் ஒண்ணும் வெளிய போகக் கூடாது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வந்துடு." இதை நான் எவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்தேன் என்று இனிமேல்தான் எழுதப் போகிறேன்.

மனநலப் பிரிவு நான்காவது மாடியில் இருந்தது. லிப்டுக்குப் பயந்தவர்களை எங்கே வைக்க வேண்டும் என்று யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள் போல. எங்கள் எட்டு மாடியையும் படியிலேயே இறங்கி வந்த சம்பந்தி அங்கும் படியிலேயே ஏறினார். வழியில் படிகளில் அங்கங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "எல்லாம் நம்ம ஆளுங்கதான் சம்பந்தி" என்றார். பல மாதங்களில் அவர் சொன்ன முதல் வேடிக்கை அதுதான்.

கவுன்சிலர் என் மகள் வயதுப் பெண். எப்போதிலிருந்து இப்படி இருக்கிறது என்று சம்பந்தியைக் கேட்கச் சொன்னாள். கேட்டேன். கல்யாணத்தில் வாய் திறக்காத மனிதர் பேச ஆரம்பித்தார் அக்கா. சம்பந்தியம்மாவைக் கடைசியாகப் படுக்கையோடு ஒரு லிப்டில்தான் ஏற்றினார்களாம், இடம் இல்லை, அடுத்த லிப்டில் வாருங்கள் என்று இவரை வெளியே நிறுத்திவிட்டார்களாம், கதவு மூடும்போது அந்தம்மா இவரைப் பார்த்து ஏதோ சொன்னாராம், என்ன சொன்னார் என்று காதில் விழவில்லையாம், அடுத்த லிப்ட் வந்து இவர் மேலே போவதற்குள் நினைவு தப்பிவிட்டதாம். இப்போதும் லிப்ட் கதவு மூடினால் அந்த வாயசைவுதான் தெரிகிறதாம். நானே முதல் முறையாகக் கேட்கிறேன். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்ற உங்கள் குரலும் கேட்டது. கவுன்சிலர் பக்கம் திரும்பி, "கொஞ்ச மாதமாக" என்றேன்.

அவள் என்னையும் பார்த்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சம்பந்தியையும் பார்த்தாள். இவ்வளவு நேரம் பேசினாரே என்றாள். தமிழ் கொஞ்சம் நீளமான மொழி என்றேன். அடுத்து, வீட்டில் மனசு விட்டுப் பேச ஆள் உண்டா என்று கேட்டாள். "சம்பந்தி, இத உங்கள வெச்சுக்கிட்டு எப்படிச் சொல்றது?" என்றார் இவர். நிறையப் பேர் உண்டு என்று மொழிபெயர்த்தேன். அவள் பேனாவை மூடி வைத்தாள். தவறு உங்களுடையது இல்லை, எங்களுடையது, சொந்தக்காரரை மொழிபெயர்க்க உட்காரவைக்கவே கூடாது, யாருக்கும் எல்லாவற்றையும் குடும்பத்தார் முன்னால் சொல்ல முடியாது என்று நிதானமாகச் சொன்னாள். போனில் எங்கெங்கோ பேசி, தொலைவில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பிடித்தாள். போனுக்குள்ளிருந்து, "ஐயா வணக்கம், நீங்க சொல்றத அப்படியே சொல்லுவேன், கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன்" என்று ஒரு குரல் வந்தது. அது யாருக்காகச் சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? என்னை மரியாதையாக வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்கள்.

நடைபாதையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓட்டல் சலவைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு தமிழ் அம்மா, வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். "எனக்குத் தூக்கமே இல்லண்ணே. வெளிச்சத்தப் பாத்தாலே அழுகை வருது. இங்க வந்தா அவங்க ஏதோ கேக்குறாங்க, எனக்குப் புரியாது, சும்மா தலைய ஆட்டுவேன். போன தடவ காது டெஸ்டுக்கு அனுப்பிட்டாங்க."

"காது எப்படி இருக்காம்?"

"ரொம்ப நல்லா இருக்காம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்த வேகத்திலேயே அழவும் செய்தார். கொஞ்ச மாதம் என்று சற்றுமுன் மொழிபெயர்த்துவிட்டு வந்தவன், கைக்குட்டையை எடுத்து நீட்டினேன்.

சம்பந்தி வெளியே வந்தபோது முகம் கழுவியது போல இருந்தார். படியிறங்கும்போது, நான் கேட்காமலேயே, "உங்களப் பத்தித்தான் சொன்னேன்" என்றார்.

"என்னன்னு?"

"அவளப் பத்திப் பேச நான் வாயத் தொறந்தா, நீங்க எழுந்து போய் டீ போட்டுட்டு வந்துடுறீங்க. ஒரு வருஷமா அவ பேர இந்த வீட்ல யாரும் சொல்லல. நான் குடிச்ச டீக்குத்தான் கணக்கே இல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. சரக்கு எங்கே இறங்க வேண்டும் என்று காட்டுவது போலச் சொன்னார். நல்லது என்று நினைத்துத்தான் டீ போட்டேன் அக்கா. என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தபோது நான் யாரிடம் போய்ப் பேசினேன்? ஒருவரிடமும் இல்லை. நன்றாகத்தானே இருக்கிறேன்.

இனி நடந்ததைக் கேளுங்கள். போனில் தமிழ் கிடைப்பது அந்த ஒரு நாளோடு சரி, நிரந்தரமாக ஒரு தமிழ்க் கவுன்சிலர் வேண்டும் என்று அந்தக் கவுன்சிலர் பெண் எழுதிக் கேட்டிருக்கிறாள். தமிழர்கள் யாரும் மனநலப் பிரிவுக்கு வருவதில்லை, ஆகவே தேவையில்லை என்று மேலிடம் பதில் சொல்லிவிட்டது. வருகிறவர்களை ஏழு மாதம் கழித்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பினால் எப்படி வந்ததாகும் என்று அவள் என்னிடம் கேட்டாள், நான் சலவையம்மாவிடம் கேட்டேன், சலவையம்மா கேள்வியோடு நிற்கவில்லை. தன் ஓட்டலில் பாத்திரம் துலக்குகிறவர்கள், பக்கத்துக் கட்டடத்தின் காவலாளி, பேருந்துப் பணிமனைத் தம்பிகள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை வரவேற்பில் வரிசை படிக்கட்டு வரைக்கும் நின்றது. அதில் ஒருவர் பல் வலிக்கு வந்தவர், நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை, வரிசை நகர்கிறதே என்று அப்படியே நின்றுவிட்டார்.

சம்பந்திதான் முதலில் நின்றார். மேலதிகாரியே இறங்கி வந்து, உங்களில் பலருக்கு எங்கள் மொழி ஓரளவு தெரியும்தானே, அதிலேயே சமாளிக்கலாமே என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன், இந்த முறை ஒரு எழுத்துக் குறையாமல். சம்பந்தி, துறைமுகத்தில் மேலேயிருந்து கீழே கத்திப் பழகிய குரலில், "கடையில சாமான் வாங்குற அளவுக்கு உங்க மொழி வரும் சார். அழுகை எனக்குத் தமிழ்லதான் வருது" என்றார். அதையும் அப்படியே மொழிபெயர்த்தேன். பின்னால் நின்றவர்கள் ஒருவரும் கை தட்டவில்லை. பல் வலிக்காரர் மட்டும் மூக்கைச் சிந்தினார். அதிகாரி ஒவ்வொருவர் பெயரையும் மொழியையும் பதியச் சொன்னார்.

இப்போது புதன்கிழமைதோறும் ஒரு தமிழ்க் கவுன்சிலர் வருகிறார். அன்றைக்கு, கூட்ட மாட்டேன் குறைக்க மாட்டேன் என்று போனில் சொன்ன அதே குரல்தான். படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, தமிழுக்கு வேலையில்லை என்று வெறும் மொழிபெயர்ப்பில் உட்கார்ந்திருந்தாராம். சனிக்கிழமை, வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலையிலும் பார்க்கிறார். சலவையம்மா அப்போதுதான் போகிறார். ராத்திரி நாலு மணி நேரம் தொடர்ந்து தூங்கினேன் என்று போன வாரம் என்னிடம் பரிசு வாங்கியவர் போலச் சொன்னார். பிரிவை இன்னும் கீழே இறக்கவில்லை, கேட்டிருக்கிறோம். சம்பந்தி போன வாரம் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியிலிருந்து கீழே வரை லிப்டில் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடாமல், சம்பந்தியம்மாவின் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தார். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர், யார் அது என்று கேட்டார். "என் வீட்டுக்காரி" என்று சொல்லி, தரைத்தளம் வரும்வரை அவருக்கும் கொஞ்சம் கதை சொன்னார்.

ஆக, இங்கே என் வேலை முடிந்தது. மொழிபெயர்க்கவும் ஆள் வந்தாயிற்று, டீ போடவும் கூடாது என்றாகிவிட்டது. மகளும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவைப் பற்றிச் சாப்பாட்டு மேசையில் தாராளமாகப் பேசுகிறார்கள், அழுகிறார்கள், பிறகு சாப்பிடுகிறார்கள். எனக்கு அந்த மாதிரி தேவை எதுவும் இல்லை. ஆகவே கொஞ்ச காலம் உங்கள் வீட்டில் வந்து இருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வரும் புதன்கிழமை புறப்படுகிறேன். மாடி அறையைத் துடைத்து வையுங்கள்.

அத்தானுக்கு என் வணக்கத்தைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள், மருமகள்களுக்கு அன்பு. எல்லோரும் நீண்ட நாள் நோயில்லாமல், வந்தாலும் வரிசையில் காத்து நிற்காமல் வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள தம்பி

பின்குறிப்பு: அறையைத் துடைக்க வேண்டாம். கடிதத்தை உறையில் போடும்போது சம்பந்தி வந்து, பெட்டி எதற்கு வெளியே இருக்கிறது என்று கேட்டார். புதன்கிழமை அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். "புதன்கிழமை முடியாது. உங்க பேரையும் பதிஞ்சு வெச்சுட்டேன், எனக்கு அடுத்தது நீங்க" என்றார். எனக்கு என்ன குறை, நான் எதற்கு என்று கேட்டேன். உங்கள் வீட்டுக்காரி பெயர் என்ன சம்பந்தி என்று திருப்பிக் கேட்டார். சொல்ல வாயெடுத்தேன் அக்கா, வரவில்லை. வெகு நேரம் கழித்துத்தான் வந்தது. அவர் பெட்டியை எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "நானும் கூட வர்றேன். தமிழ்லயேதான் கேப்பாங்க. ஆனா நீங்க பாதிதான் சொல்லுவீங்க, மீதிய நான் சொல்றேன்."