முப்பத்தெட்டு அநாதைகள்

"எவனோ எழுதினதுக்கு நீங்க எதுக்குப் பொட்டலம் கட்டணும்?"

காலையிலிருந்து இது நாலாவது தடவை. ஒரு எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. நம்மவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார். அதுவும் நாலாவது தடவை.

பொட்டலம் என்று மனைவி சொன்னதில் தப்பில்லை. உலகத்தின் ஏதேதோ மூலையில் யார் யாரோ புரோகிராம் எழுதி, மாட்யூல் மாட்யூலாகப் போட்டு வைக்கிறார்கள். இதற்கு அது வேண்டும், அதற்கு இன்னொன்று வேண்டும் என்று ஜனங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளாமலிருக்க, யாராவது அதையெல்லாம் ஒழுங்காகக் கட்டி, சீட்டு ஒட்டி, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் தொகுப்பில் சேர்க்க வேண்டும். சம்பளம் கிடையாது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வாரமெல்லாம் கையெழுத்துப் போட்டுக் களைத்த நம்மவர், பன்னிரண்டு வருஷமாக இதைச் செய்கிறார். மொத்தம் முப்பத்தெட்டு. ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'பராமரிப்பாளர்' என்று அவர் பேர். ஆபீஸ் கதவில்கூட அவர் பேர் கிடையாது.

"முப்பத்தெட்டைப் பராமரிக்கிறீங்க. முப்பத்தொன்பதாவதா என்னையும் சேர்த்துக்கக் கூடாதா?"

இன்றைக்குப் பார்த்து அவருக்குத் தலைக்கு மேல் வேலை. சாயங்காலம் ஆறு மணிக்குப் புது வெளியீட்டுக்காகத் தொகுப்பின் கதவை அடைத்துவிடுவார்கள். தேதிக் கணக்கு பார்க்கும் மாட்யூல் ஒன்று பரிசோதனையில் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டது. ஆறுக்குள் சரியாகாவிட்டால் அதைத் தூக்கி வெளியே வைப்பார்கள். அதன் தோளில் சாய்ந்திருக்கும் பதினாலு மாட்யூலும் கூடவே வெளியே. பதினாலும் இவர் கட்டியவை.

இந்த நேரத்தில்தான் அவள், இன்றோடு அத்தனையையும் விட்டுவிட வேண்டும், தன் கண்ணெதிரே விட வேண்டும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

நம்மவருக்குத் திடீரென்று மூளை வேலை செய்தது. அவருக்கு எப்போதெல்லாம் அப்படி ஆகிறதோ, அப்போதெல்லாம் வீட்டில் விபரீதம்தான். பராமரிக்க முடியாதவர்கள் அமுக்குவதற்கென்று ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் மாட்யூல் 'அநாதை' ஆகிவிடும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாரும் சீந்த மாட்டார்கள். இப்போது அமுக்கிக் காட்டிவிட்டு, சாப்பிட்டு அவள் கண் அசந்ததும் தானே திரும்ப எடுத்துக்கொண்டால் போச்சு.

முப்பத்தெட்டு தடவை அமுக்கினார்.

அவள் குனிந்து படித்தாள். "அநாதையா? பெத்தவர் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதா?"

"அது அவங்க வச்ச வார்த்தைம்மா."

"பாவம். யாராவது எடுத்துப்பாங்களா?"

"யாரும் எடுக்க மாட்டாங்க."

அவள் நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். இவ்வளவு சுலபமாக எழுந்து போனதுதான் அவருக்குப் பகீரென்றது.

சாப்பாடு ஆனதும் கொஞ்சம் படுக்கிறேன் என்று போனும் கையுமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவர் தேதிக் கணக்கில் உட்கார்ந்தார். மூன்றரைக்குக் கோளாறு அகப்பட்டது. திருத்தம் ஒரே ஒரு வரி. பரிசோதனை பாஸ். குஷியாக மாட்யூலைத் திரும்ப எடுக்கப் போனார்.

எடுக்கும் பொத்தானைக் காணோம். பராமரிப்பாளர் இருந்த இடத்தில் அவள் பேர் இருந்தது. அதன் வாலாக, கல்யாணமானதிலிருந்து ஒட்டிக்கொண்டிருக்கும் அவர் பேரும் இருந்தது. முப்பத்தெட்டிலும் அப்படியே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தன் இங்கிலீஷைத் திருத்திக் கொடுப்பதற்காக அவளுக்கு அங்கே கணக்கு திறந்து கொடுத்த புண்ணியவான் அவரேதான்.

கதவைத் தட்டினார். அது திறக்கவில்லை, குரல் மட்டும் வந்தது.

"யாரும் எடுக்க மாட்டாங்கன்னீங்களே, மனசு கேக்கலை."

ஆறு மணிக் கதை முழுவதையும் சொல்லி மன்றாடினார். விதிகள் பதினோரு பக்கம் இருப்பதாகவும், பழைய பராமரிப்பாளர் எதையாவது மாற்ற நினைத்தால் எழுத்தில் கோரிக்கை அனுப்ப வேண்டுமென்றும், பார்த்து முடிவெடுக்கப் புதியவருக்குப் பதினாலு நாள் அவகாசம் உண்டென்றும் அவள் தெரிவித்தாள்.

"நீ அதையெல்லாம் எப்ப படிச்சே?"

"நீங்க பன்னெண்டு வருஷமா படிக்காதப்போ."

அனுப்பினார். முதல் வரியிலேயே எழுத்துப்பிழை என்று திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினார். காற்புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று திரும்பி வந்தது. மூன்றாவது தடவை, 'அனுப்புபவர் யார்' என்ற கட்டத்தில் 'பராமரிப்பாளரின் கணவன்' என்று நிரப்பி அனுப்பினார்.

மணி ஐந்து ஐம்பது. 'பார்வைக்குக் காத்திருக்கிறது' என்று திரை சொன்னது. நம்மவர் எழுந்து போய்க் கதவில் காதை வைத்தார். உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, முழிச்சுக்கிட்டுதானே இருக்கே? ஒரே ஒரு வரிதான், கொஞ்சம் பாரேன்."