டேப்பெட்டும் மூன்று மூலைப் பத்திரிகையும்

ஓடுகிற வண்டியைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்களைக் கட்டிவைத்து உதைக்க வேண்டும். அந்த வரிசையில் முதலில் நிற்க வேண்டியவள் நான்.

அப்போது மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம் (வகுப்பில் ஒரே பெண், அந்தத் திமிர் வேறு). அண்ணன் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையைப் பட்டுக்கோட்டை மாமாவுக்கு வைக்க வேண்டும். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். முந்தைய கல்யாணம் ஒன்றில் பத்திரிகையை யார் கையிலோ கொடுத்தனுப்பிவிட்டார்கள் என்று மண்டபத்துப் பக்கமே வராதவர். "எங்கண்ணன் வரலன்னா நானும் மேடை ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவரைச் சமாதானப்படுத்த அம்மா முதல் நாளே பஸ் ஏறிப் போய்விட்டார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் நானும் அப்பாவும் பத்திரிகையோடு போய்ச் சேர வேண்டும்.

அப்பாவின் வண்டியில் வெகுநாளாக டக் டக் என்று சத்தம். எஞ்சினுக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் கைக்கும் வால்வுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். டேப்பெட் என்பார்கள். இடைவெளி கூடினால் சத்தம் வரும். குறைந்தால் எஞ்சின் சூடானதும் வால்வு சரியாக மூடாது, வண்டி நின்றுவிடும். இதை அளக்க மெல்லிய இரும்புத் தகடு உண்டு. என்னிடம் அது இல்லை. வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு வீடியோ பார்த்துவிட்டு, சத்தம் நிற்கும்வரை முறுக்கினேன்.

"சத்தமே இல்ல பாருங்கப்பா!"

"நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?" என்றார் அப்பா. (அவருக்கு எஞ்சினியரிங் தெரியாது என்று பரிதாபப்பட்டேன்.)

மறுநாள் ஒரத்தநாடு தாண்டியதும் வண்டி நின்றது. ஆறவைத்தால் கிளம்பியது, மூன்று கிலோமீட்டர் போய் மறுபடி நின்றது. நான்காவது முறை அப்பா ஹெல்மெட்டைக் கழற்றி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு முகம் கழுவ வயல் பக்கம் பம்புசெட்டைத் தேடிப் போய்விட்டார்.

ஸ்பேனர் இருந்தது, மூடியைத் திறந்தேன். விரல் சுட்டது. இடைவெளி வைக்க மெல்லிசாக ஏதாவது வேண்டும். பையில் தாம்பாளம், பழம், வெற்றிலை பாக்கு, ஒரே ஒரு பத்திரிகை. தாளின் ஓரத்தில் எழுத்தே இல்லை, யார் பார்க்கப்போகிறார்கள் என்று ஒரு மூலையைக் கிழித்து உள்ளே செருகி, அந்த அளவுக்கு இடைவெளி விட்டு முறுக்கினேன். (அந்த நான்கு மூலைக்கும் மஞ்சள் தடவியதே நான்தான். அப்போதும் உறைக்கவில்லை.) வண்டி கிளம்பிவிட்டது. சத்தம் மட்டும் முன்பைவிட இரண்டு மடங்கு, கதிரடிக்கிற மெஷின் மாதிரி.

பத்து இருபதுக்கு மாமா வீடு. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து தாம்பாளத்தை நீட்ட, மாமா பத்திரிகையை எடுத்துப் பிரித்தார். மூன்று மூலையில் மஞ்சள். நான்காவது மூலை இல்லை. இருந்த இடத்தில் கறுப்பு ஆயில். எங்கள் பக்கம் கருமாதிப் பத்திரிகை வந்தால்தான் படித்ததும் மூலையைக் கிழிப்பார்கள்.

"மாப்ள, இது என்ன சேதிக்குக் கொண்டாந்திருக்கீங்க?"

அப்பாவுக்கு வியர்த்தது. "எலி கடிச்சிருக்கும் மச்சான்..."

அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

"எலி இல்ல மாமா. டேப்பெட்" என்றேன்.

இடது கையை வால்வாகவும் வலது கையை அதைத் தட்டுவதாகவும் வைத்துக்கொண்டு முழு விளக்கம் கொடுத்தேன். அம்மா கண்ணாலேயே என்னைக் கொன்றுகொண்டிருந்தார். நான் முடித்ததும் மாமா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ராகு காலம் வந்துருச்சு. பன்னண்டுக்கு மேல நாலு மூலையோட வாங்க."

அப்பா பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார். அத்தை பாவம் பார்த்து எனக்குக் காபி கொடுத்தார். மாமா வரவழைத்த மெக்கானிக் வண்டியை உதைத்துப் பார்த்து, "யாருங்க இதுல கை வச்சது?" என்று கேட்க, மொத்த வீடும் என்னைக் கை காட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வண்டிக்காக இல்லை. அண்ணன் கல்யாணம் என்னால் கெட்டுவிடுமோ என்றுதான்.

இரண்டரை மணிக்கு அப்பா புதுப் பத்திரிகையோடு வந்தார். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு" என்று எண்ணிய பிறகே வாங்கிக்கொண்டார். கல்யாணத்துக்கும் வந்தார், மாலையும் போட்டார். மேடையிலேயே மூன்று பேரிடம் இந்தக் கதையைச் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் பத்திரிகை வைத்தாலும் முதலில் மூலைகளை எண்ணுகிறார்கள். போன வருடம் என் கல்யாணப் பத்திரிகையோடு அப்பாவும் அம்மாவும் போனபோதும் மாமா எண்ணினார். நான்கும் இருந்தன. ஆனாலும் கையில் வாங்கவில்லை.

"எதுல வந்தீங்க மாப்ள?"

"பஸ்லதான் மச்சான்."

"அப்ப சரி" என்று வாங்கிக்கொண்டார்.