சாட்சி தேடிய சாதனத்தார்

சாவதற்கு அவ்வளவு கவனமாக ஆயத்தம் செய்துகொண்டு, அவ்வளவு உற்சாகமாக உயிர் வாழ்ந்த மனிதரை வவுனியா அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை. எழுபதுகளின் கடைசியில் நான் தட்டெழுத்தாளராக இருந்த, பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு கந்தோருக்கு, தமது உயிலான மரணசாதனத்தை மாற்றி எழுதவென்று பூவரசங்குளத்திலிருந்து அடிக்கடி பஸ் ஏறி வருவார். அவருடைய இயற்பெயரை ஊர் மறந்துவிட்டது. எல்லோருக்கும் அவர் 'சாதனத்தார்'.

காரணங்கள் அற்பமானவை. சீனி குறைந்த கோப்பி கொடுத்தவர் தண்ணீர்ப் பம்பை இழந்தார். சாதனத்தில் அந்தப் பம்பு என் தகப்பனார் பேருக்கு வந்தது. சைக்கிள் எழுதப்பட்ட அயலவர் நாள்தோறும் வந்து அதற்கு எண்ணெய் பூசினார். "அப்பு, மழைக்க விடாதேங்கோ" என்று அவர் ஒருநாள் சொல்லப்போக, மறுநாளே சாதனத்தார் எங்கள் கதிரையில் வந்து அமர்ந்தார்.

"பிள்ளை, அவன்ர பேரை வெட்டு. என்ர நெஞ்சு நோவை விசாரிக்கேல்லை, சைக்கிளின்ர சுகத்தைத்தான் விசாரிக்கிறான்."

மாறாத வரி ஒன்றே ஒன்று. 'என் சொல்லை மீறி மணம் செய்த மகள் மகேசுக்கு யாதொன்றும் இல்லை' என்பது முதல் வரி. அதை அவர் சொல்லாமலே அடிக்க என் விரல்கள் பழகியிருந்தன.

சாதனத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சியாகக் கையெழுத்திடுபவருக்கு அதில் எதுவும் சேராது என்பது சட்டம். எப்போதும் ஒரு சாட்சி நான். மற்றவர், மலைநாட்டுக் கலவரத்துக்குத் தப்பி வந்து, அவர் வளவின் மூலையில் குடிசை போட்டிருந்த முத்தையா.

ஒரு மாரியில் சாதனத்தாருக்குக் காய்ச்சல் கண்டது. பம்புக்காரரோ சைக்கிள்காரரோ எட்டிப் பார்க்கவில்லை. முத்தையாதான் அவரை வெள்ளத்தினூடே தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எழுந்து நடமாடத் தொடங்கியதும் சாதனத்தார் வந்து, குடிசை நின்ற மூலைக்காணியை முத்தையாவுக்கு எழுதச் சொன்னார்.

"எனக்கு எதுக்குங்க ஐயா? இருக்கிறதே போதுங்க" என்றார் முத்தையா.

"நான் கண்ணை மூடினால் அடுத்த நாளே உன்னை வளவால எழுப்பிப்போடுவாங்கள். சும்மா இரு."

அப்படியானால் முத்தையா சாட்சியாக முடியாது, வேறொருவர் வேண்டும் என்றார் நொத்தாரிசு. "அதுக்கென்ன, ஊரே வரும்" என்று புறப்பட்டார் சாதனத்தார்.

ஊர் வரவில்லை. கையெழுத்திட்டால் தமக்குரியது போய்விடுமே என்று ஒவ்வொருவரும் அஞ்சினர். சைக்கிளுக்குப் பழையபடி உரியவராகியிருந்த அயலவருக்குத் திடீரெனக் கண் மங்கியது. "கை நடுங்குது அப்பு" என்றார் என் தகப்பனார், ததும்பும் தேநீர்க் கோப்பையைத் துளியும் சிந்தாமல் ஏந்தியபடி. குசினி வாசலில் நின்ற நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இழக்கிறதுக்கு ஒண்டுமில்லாத ஆளாப் பாருங்கோ" என்றார் நொத்தாரிசு. அப்படிப்பட்டவர் ஒருவரே இருந்தார். அவர் யாரென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அடுத்த கிழமை செட்டிகுளத்திலிருந்து மகேஸ் வந்தா. "அப்பா எங்கட படலைக்கு வெளியில நிண்டு, 'ஒரு கையெழுத்து வேணும்' எண்டார். உள்ள வரச் சொன்னன், வரேல்லை" என்று எனக்கு மட்டும் மெல்லச் சொன்னா.

நொத்தாரிசு வழக்கப்படி சாதனத்தை உரத்து வாசிக்கத் தொடங்கினார். முதல் வரி. பழக்கத்தில் நான் அடித்திருந்த அதே வரி.

"அதை விட்டிட்டு வாசியுங்கோ" என்றார் சாதனத்தார்.

"முழுக்க வாசிக்க வேணும் ஐயா."

"வாசியுங்கோ" என்றா மகேஸ். "எனக்கு ஒண்டும் இல்லாதபடியாத்தானே அப்பா என்னைத் தேடி வந்தவர்."

மூலையில் இருந்த முத்தையா எழுந்து வெளியே போய்விட்டார். மகேஸ் மூலைக்காணி பற்றிய வரி வரும்வரை கேட்டிருந்து, நிதானமாகக் கையெழுத்திட்டா. சாதனத்தார் தம் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"வாங்கோப்பா, வீட்டை போய்ச் சாப்பிடுவம்."

அவர் என்னைப் பார்த்தார். "பிள்ளை, இவள் கூப்பிடுறாள். நான் போகலாமோ?"

"போங்கோ அப்பு. அதுக்குச் சாட்சி வேண்டாம்."

படியிறங்கும்வரை அவர் தலை நிமிரவில்லை. அவ்வளவு சிறுத்துப்போனவராக அவரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவ்வளவு பிடித்துப்போனதும் இல்லை.