இரண்டாவது திறப்பைத் திருப்பித் தரவும்

ஹம், ஜெர்மனி
ஆவணி 2003

பெருமதிப்புக்குரிய தியாகராசா மச்சானுக்கு,

உங்கள் தங்கை நேசமலரின் கணவன் ரகுநாதன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நலம். நீங்களும் அக்காவும் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். இரண்டு தெரு தள்ளியிருப்பவருக்குக் கடிதம் எதற்கென்று கேட்பீர்கள். நேரில் வந்தால் நீங்கள்தான் பேசுவீர்கள், நான் தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன கிழமை வேலை முடிந்து ரயிலில் வரும்போது, யாரோ விட்டுப்போன ஜெர்மன் பத்திரிகையைப் புரட்டினேன். பசிபிக் கடலில் மார்ஷல் தீவுகள், மைக்ரோனீசியா என்று சின்னச் சின்ன நாடுகளாம். யார் அடிக்க வந்தாலும் அமெரிக்கா காப்பாற்றுமாம். பதிலுக்கு, வேறெந்த நாட்டுப் படையும் அங்கே கால் வைக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை அமெரிக்காவுக்காம். அந்த ஒப்பந்தத்தை இப்போது புதுப்பிக்கிறார்களாம். எனக்கு வியர்த்துவிட்டது. மச்சான், இது நம்முடைய ஒப்பந்தம்! இந்த வீட்டில் பால் காய்ச்சிய அன்று, மூத்த மச்சான் என்ற மரியாதைக்கு, வாசல் பூட்டின் இரண்டாவது திறப்பை வெற்றிலைத் தட்டில் வைத்து உங்களிடம் நீட்டினேனே, அதுதான் நான் செய்த பிழை. "ஒண்டுக்கும் பயப்பிடாதையும், நான் நிக்கிறன்" என்றீர்கள். அந்தத் தீவுகளுக்காவது ஐ.நா. சபையில் ஆளுக்கொரு கதிரை இருக்கிறது. எனக்கோ, நீங்கள் மணி அடிக்காமல் திறந்துகொண்டு வந்துவிட்டால், என் வீட்டிலேயே கதிரை கிடையாது.

சரி, எதிலிருந்து என்னைக் காப்பாற்றினீர்கள்? இத்தனை வருடத்தில் ஒரேயொரு படையெடுப்புதான் நடந்தது. கீழ்வீட்டு குரூகர் அம்மா, கொஞ்சம் மெல்ல நடக்க முடியுமா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நேசமலர் அதை உங்கள் காதில் போட்டுவிட்டாள். உடனே வந்து மாடிப்படியில் நின்று, கட்டடமே கேட்க ஜெர்மன் மொழியில் முழங்கினீர்கள். அதோடு அந்த அம்மா எனக்குக் காலை வணக்கம் சொல்வதையே நிறுத்திவிட்டார். தட்டுத் தட்டாக வடை கொண்டுபோய்க் கொடுத்துத்தான் நான் சமாதானம் செய்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் கம்சனா தாதிப் படிப்பை, அதுதான் அந்த அவுஸ்பில்டுங்கை, முடித்துவிட்டாள். சனிக்கிழமை வீட்டில் சாப்பாடு. அவளுக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து இடம் எடுத்துக் கொடுத்தவன் என் தொழிற்சாலைக் கூட்டாளி, நம் தமிழ்ப் பையன் பீலிக்ஸ். "பீலிக்ஸ் மாமா வராட்டி எனக்கு இந்தச் சாப்பாடே வேண்டாம்" என்கிறாள் பிள்ளை. நீங்களோ தொலைபேசியில், "அவன் வாற வீட்டிலை நான் கால் வைக்கமாட்டன். உமக்கு நானோ, அவனோ?" என்கிறீர்கள். அவன் செய்த குற்றம் என்ன? தமிழர் விளையாட்டு விழாவில் கயிறிழுத்தலுக்கு நடுவராக நின்று, உங்கள் கால் கோட்டைத் தாண்டியது என்று விசில் ஊதினான். தாண்டியது மச்சான். கயிற்றில் உங்களுக்குப் பின்னால் நின்றவன் நான்தானே!

ஆகவே ஒப்பந்தம் இன்றோடு முறிந்தது. என் பிள்ளை படித்து முடித்ததற்கு, என் வீட்டில் யார் சாப்பிடுவது என்று நான்தான் சொல்வேன். அன்று அவள் முகம் வாடினால் எனக்குத் தாங்காது. பீலிக்ஸ் வருவான். நீங்களும் வரலாம், ஆனால் எல்லோரையும்போல மணி அடித்து வாருங்கள். திறப்பைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். நேசமலர் அழுகிறாள், அழட்டும். ஏலாது என்றால் ஏலாதுதான்.

அக்காவுக்கு என் அன்பு. கயிறிழுத்ததில் பிடித்த உங்கள் முதுகுவலி சீக்கிரம் சுகமாகப் பிள்ளையார் அருள்வார்.

இப்படிக்கு,
இன்றிலிருந்து யாருக்கும் கட்டுப்படாத
ரகுநாதன்

பி.கு.: முத்திரை ஒட்டுமுன் பீலிக்ஸ் வந்தான். கடிதத்தைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். கட்டிப்பிடித்துக்கொண்டான். "கெட்டிக்காரன் அண்ணை நீங்கள்! இனி ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ, நான் நிக்கிறன். ஆனால் அந்தாள் இந்தப் படி ஏறக்கூடாது, சொல்லிப்போட்டன். திறப்பு வந்த உடனை என்னட்டைத் தாங்கோ" என்றான். சொல்லிக்கொண்டே என் கதிரையில் உட்கார்ந்தும்விட்டான். ஆகவே மச்சான், திறப்பை அனுப்ப வேண்டாம். உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். சனிக்கிழமை அவன் வருமுன்னமே வந்து கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் சாப்பாட்டுக்கு இரண்டு பேரும் வந்ததாகவும் இருக்கும். மணி அடிக்காதேங்கோ.