முட்டி போட்டு வந்த மாப்பிள்ளை

என் அக்கா புருஷன் தன்னுடைய கல்யாணத்துக்கு முட்டி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். அதுவும் பின்பக்கமாக. வேண்டுதல் ஒன்றும் இல்லை. காரணம் ஒரு பழைய காரின் காபரேட்டர். அந்தக் காபரேட்டர் அப்படி நடந்துகொண்டதற்குக் காரணம் நான். பன்னிரண்டு வருடமாகக் குடும்பத்தில் மற்றவர்கள்தான் இந்தக் கதையைச் சொல்லிவருகிறார்கள். ஒவ்வொருவர் வாயிலும் நான் கொஞ்சம் கூடுதல் முட்டாளாகிக்கொண்டே போகிறேன். (போன தீபாவளிக்குச் சின்னம்மா சொன்னதில் கார் தீப்பிடித்தே எரிந்துவிட்டது!) ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுவது நல்லது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. அட்டனில் படித்து, எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணி, வேலைக்கு மனுப் போட்டுவிட்டுத் தோட்டத்தில் சும்மா இருந்தேன். சும்மா என்றால், கண்ணில் பட்டதையெல்லாம் கழற்றிக்கொண்டிருந்தேன். சின்னம்மா வீட்டுக் கடிகாரம், டிஸ்பென்சரி ஸ்டவ், பஜனை மடத்து ஆர்மோனியம். பாதிக்கு மேல் திரும்பவும் வேலை செய்தன. (ஆர்மோனியத்தைப் பற்றி இப்போது வேண்டாம்.)

எங்கள் தோட்டம் தலவாக்கலையிலிருந்து நாலு மைல் ஏற்றத்தில் இருந்தது. பெரிய கிளாக்கரிடம் ஒரு கார் உண்டு. கப்பலேறிப் போன ஒரு துரை விட்டுப்போனது. அதை ஓட்டியவர் சவரிமுத்து அண்ணன்.

காபரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கும். பெற்றோல் அதில் வந்து நிறைந்ததும் ஒரு பித்தளை மிதவை மேலே எழும்பி, ஓர் ஊசியைத் தள்ளி, பெற்றோல் வரும் துவாரத்தை அடைக்கும். இந்தக் காரில் அந்த ஊசி தேய்ந்து, துவாரம் அடைபடாமல் பெற்றோல் ஒழுகிக்கொண்டே இருந்தது. சவரிமுத்து அண்ணனிடம் அதற்கு ஒரே வைத்தியம்தான்: மைலுக்கு ஒருமுறை இறங்கி ஸ்பேனரால் கிண்ணத்தில் ஒரு தட்டு.

“தட்டினா கேக்குது தம்பி. கழட்டினா கோவிச்சுக்கும்” என்பார்.

அக்காவுக்கு மாப்பிள்ளை வட்டவளைப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். காலைக் கோச்சியில், அதாவது ரயிலில், தலவாக்கலைக்கு வருவார். அங்கிருந்து காரில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு. பதினொன்றரைக்குள் தாலி கட்ட வேண்டும். கணக்கப்பிள்ளையான அப்பாவுக்காகப் பெரிய கிளாக்கர் காரைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார். அப்பாவுக்குத்தான் தூக்கம் இல்லை.

“நம்ம வீட்டுக்கு மொத மொதலா ஒரு வாத்தியாரு மாப்பிள்ளையா வர்றாரு. அந்த வண்டி நடுரோட்டுல நின்னுச்சுன்னா மானம் போயிரும்டா.”

“நாலு நாள் காரை எங்கிட்ட விடுங்கப்பா” என்றேன். சவரிமுத்து அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

காருடன் வந்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தேன். பங்களாவில் பித்தளை துலக்கும் பசையை வாங்கிவந்து, அந்த ஊசியைத் துவாரத்தில் வைத்து மூன்று நாள் உருட்டி உருட்டித் தேய்த்தேன். கடைசியில் ஊதிப் பார்த்தால் ஒரு பொட்டுக் காற்றுப் போகவில்லை. அதை இப்போது நினைத்தாலும் விரல் நுனி இனிக்கிறது.

பிறகு கிண்ணத்தில் பெற்றோலின் மட்டம் பார்க்க வேண்டும். மிதவையின் கம்பியை வளைத்து வளைத்து, இஞ்சினுக்குப் பெற்றோல் பீய்ச்சும் ஜெட்டின் வாய்க்கு ஒரு மயிரிழை கீழே பெற்றோல் நிற்கும்படி வைத்தேன். ‘வண்டியைச் சமதரையில் நிறுத்தவும்’ என்று புத்தகம் முதல் வரியிலேயே சொல்லியிருந்தது. நிறுத்தியிருந்தேன். கிளாக்கர் வீட்டு முற்றம் தோட்டத்திலேயே பேர்போன சமதரை. அங்கேதான் பந்து விளையாடுவோம். பந்து எப்போதும் வாசல் கேட்டுப் பக்கத்து வேலியில்தான் போய் நிற்கும். அதைக் காற்று என்று நம்பியிருந்தோம். தேயிலைச் செடியைப் பிடிக்காமல் ஒருவன் நிற்க முடிந்தால் அந்த இடம் எங்களுக்குச் சமதரை. காரும் வழக்கம்போல மூக்கை அந்தக் கேட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது.

கல்யாண நாள் காலையில் சவரிமுத்து அண்ணன் முன்டயருக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். (ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர்தான். ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்பது அவர் கட்சி.) பழம் உருண்டு வேலிக்குப் போனது. எடுத்துவந்து மறுபடி வைத்தார். மறுபடியும் போனது.

“சகுனம் சரியில்லையே தம்பி.”

“எலுமிச்சம்பழம் உருண்டை அண்ணே. உருளத்தான் செய்யும். நீங்க இஞ்சினைக் கேளுங்க!”

இஞ்சின் பாடியது. தலவாக்கலை வரை நாலு மைல் இறக்கம். ஓர் இருமல் இல்லை, ஒரு சொட்டு இல்லை. ஸ்டேஷனில் மாப்பிள்ளைக்கு மாலை போட்ட கையோடு ஊசியைப் பற்றி விளக்கத் தொடங்கிவிட்டேன். வாத்தியார் பொறுமையாகக் கேட்டார். அவருடைய தாய்மாமன் கேட்கவில்லை. தாலிப் பெட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். மற்றவர்கள் பஸ்ஸில் முன்னாலேயே போய்விட்டார்கள்.

ஏற்றம் தொடங்கியது. முதல் வளைவில் கார் இருமியது. இரண்டாவது வளைவில் கரும்புகை கக்கியது. மூன்றாவதில் நின்றுவிட்டது. இஞ்சின் மூடியைத் திறந்தால் காபரேட்டர் பெற்றோலில் குளித்துக்கொண்டிருந்தது. சவரிமுத்து அண்ணன் ஸ்பேனரால் தட்டினார். பலமாகத் தட்டினார்.

“பாத்தியா, இப்ப தட்டினாலும் கேக்க மாட்டேங்குது!”

“ஏம்பா பொண்ணுத் தம்பி,” என்றார் மாமன், மூக்கைப் பொத்திக்கொண்டு, “மாப்பிள்ளைய அழைக்க வந்தியா, கொளுத்த வந்தியா?”

மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“யோவ் மாப்புள, எங்கிட்ட கூடை இருக்கு, ஏறிக்கிறீங்களா?” என்று ஒருத்தி கத்தினாள். மலையே சிரித்தது.

நேரம் பத்தரை தாண்டிவிட்டது. மூன்று மைல் நடந்தால் தாலி கட்டும் நேரத்துக்கு மாப்பிள்ளை எங்கேயாவது தேயிலைக்குள் நிற்பார். அப்பாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. எனக்கு அழுகை வந்தது. (வந்ததே தவிர, அழவில்லை. சின்னம்மா சொல்வது பொய்.)

அப்போது மாப்பிள்ளை காரை விட்டு இறங்கினார். கண்திருஷ்டிக்காக அவர் கையில் பிடித்திருந்த எலுமிச்சம்பழம் நழுவி விழுந்து ரோட்டில் ஓடியது. தலவாக்கலைப் பக்கம், அவசரமே இல்லாமல், ஆனால் நிச்சயமாக. காலையில் வேலிக்கு ஓடியதே, அதே நடை.

தலையில் இடி விழுந்தாற்போலப் புரிந்தது. கிளாக்கர் முற்றம் சமதரை இல்லை! கிண்ணம் இருப்பது ஜெட்டுக்கு முன்னால். காரின் மூக்கு கீழே இருந்தபோது நான் மட்டம் வைத்திருக்கிறேன். இறக்கத்தில் அது சரி. ஏற்றத்தில் மூக்கோடு கிண்ணமும் உயர்ந்து, பெற்றோல் வழிந்து, இஞ்சின் மூழ்கிவிட்டது. நான் மட்டம் வைத்த கார் மூக்கைத் தாழ்த்தினால்தான் ஓடும்.

“அண்ணே, காரைத் திருப்புங்க!”

“திரும்பி எங்கடா போறது?”

“மேலதான். ரிவர்ஸ்ல!”

சவரிமுத்து அண்ணன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனாலும் எல்லாருமாகத் தள்ளித் திருப்பினோம். மூக்கு தலவாக்கலையைப் பார்த்தது. ஹேண்டிலை இரண்டு சுற்று. ஒரு கரும்புகை, அப்புறம் அதே பாட்டு!

மாமன் ஏற மறுத்தார். “என் அக்கா மவன் முதுகக் காட்டிக்கிட்டா கல்யாணத்துக்குப் போறது? ஊருல கேட்டா என்ன சொல்லுவேன்?”

மாப்பிள்ளைதான் வழி சொன்னார். “நான் திரும்பி உக்காந்துக்கிறேன் மாமா. அப்ப முகந்தானே முன்னால போகும்?”

திரும்பி உட்கார முடியவில்லை. ஆகவே பட்டு வேட்டியோடு பின்சீட்டில் முட்டி போட்டார், தலைப்பாகையைப் பின் கண்ணாடியில் அழுத்திக்கொண்டு. அந்தச் சின்னக் கண்ணாடி முழுவதையும் அவரே அடைத்துவிட்டதால் சவரிமுத்து அண்ணனுக்கு ரோட்டே தெரியவில்லை. வாத்தியார் வாத்தியார்தானே, டிரில் வகுப்பைத் தொடங்கிவிட்டார்.

“இடது… இடது… நேரே! மாடு! நில்! இப்ப வலது!”

மூன்று மைல். ரிவர்ஸ் கியர் கதறிய கதறலில் ஒவ்வொரு தொழிலாளர் லயத்திலிருந்தும் ஆட்கள் வெளியே வந்தார்கள். கூடைக்காரி மேலேயிருந்து, “மாப்புள, மூஞ்சி நல்லாத் தெரியுது!” என்று அத்தாட்சி கொடுத்தாள்.

கோயிலடியில் தப்பு அடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். காரின் பின்பக்கம் வருகிறது. கண்ணாடியில் ஒரு முகம், கோணல் மாலை. ஆரத்தித் தட்டோடு நின்ற சின்னம்மா எந்தப் பக்கம் சுற்றுவதென்று தெரியாமல் காரை ஒரு முழு வலம் வந்தார். பதினொன்று இருபதுக்குத் தாலி ஏறியது. அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

“வண்டி எங்கயாச்சும் நின்னுச்சா?”

“ரிவர்ஸ்ல எங்கயும் நிக்கலப்பா.”

அவர் வாயைத் துண்டால் மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். தோள் குலுங்கியது.

அடுத்த வாரமே காரைத் தலவாக்கலை ஸ்டேஷன் வளவுக்குக் கொண்டுபோனேன். எலுமிச்சம்பழம் அசையாமல் நின்ற ஒரே இடம் அதுதான். அங்கே மறுபடி மட்டம் வைத்தேன். சவரிமுத்து அண்ணன் ஸ்பேனரைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். இன்றைக்கு அட்டனில் எனக்கு ஒரு வேலைத்தலம் இருக்கிறது. காபரேட்டரைத் தொடுமுன் தரையில் ஒரு பழம் வைத்துப் பார்ப்பேன். என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்து ஒரு லொறிக்காரர் கர்ப்பூரம் வாங்கிவந்து கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை முட்டி போட வைப்பதில் மச்சான் கெட்டிக்காரர். வீட்டில் குரலை உயர்த்தினால் மட்டும் அக்கா விடமாட்டாள். “கல்யாணத்துக்கே முட்டி போட்டு வந்த மனுசன், இப்ப என்ன சத்தம்?” என்பாள். மச்சான் உடனே என்னைப் பார்ப்பார். பிள்ளைகள் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் எடுத்துவந்து என் காலடியில் உருட்டுவார்கள். வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

ஆனால் அன்றைக்கு வழிந்தது மட்டத்தின் குற்றம். நான் தேய்த்த அந்த ஊசி ஒழுகாமல் நின்றது நின்றதுதான். இன்றைக்கும் அந்தக் காரில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதை மட்டும் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. ஆகையால்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருந்தது.