சும்மா கிடந்த தொட்டி

குமிழி விடாத தண்ணீர் வேலை செய்யவில்லை என்று நான் மனதார நம்பினேன். (அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. சின்னப்பிள்ளைத்தனம் என்று சொல்லித் தப்பவும் வழியில்லை.)

தெல்தெனியவில் பம்பு ஓட்டிக்கொண்டிருந்த என்னை, கண்டிப் பக்கத்துக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்த்து நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். ஆறாவது மாதம், வியாழக்கிழமை கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருவதாகச் செய்தி வந்தது. நம் அலுவலகங்களில் இதற்கு ஒரே அர்த்தம்தான்: கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடி, எல்லாம் ஓடுவதுபோல் காட்டு.

எங்கள் இரண்டாவது தொட்டிக்குள் காற்று அடிப்பதால் அது சோற்றுப் பானையாய்க் கொதிக்கும். முதல் தொட்டியோ, ஒரு துடுப்பு மெதுவாகக் கலக்கிவிட, பென்ஷன் எடுத்தவர் மாதிரி சும்மா கிடக்கும். எனக்கு மானமே போயிற்று. அவசரத்துக்கென்று அதற்கும் ஒரு காற்று வால்வு இருந்தது. திங்கட்கிழமை திறந்துவிட்டேன். பொங்கியது பாருங்கள், கண்கொள்ளாக் காட்சி!

புதன் காலை கடைசித் தொட்டியை எட்டிப் பார்த்தேன். அங்கே சேறு அடியில் தங்க வேண்டும், தெளிந்த நீர் ஆற்றுக்குப் போக வேண்டும். சேறோ புளித்த அப்ப மாவாகப் பொங்கி மேலே மிதந்தது. கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் கிருமியெல்லாம் செத்துவிட்டது! கோடிக்கணக்கில் கொலை, என் கையால்! ஆனாலும் விடுவேனா? நீளக் கம்பில் வலை கட்டி அள்ளத் தொடங்கினேன். ஒன்றை அள்ளினால் மூன்று வந்தது. நானும் நிறுத்தவில்லை, அதுவும் நிறுத்தவில்லை.

அலவத்துகொடயிலிருந்து வேலைக்கு வரும் ஆய்வுகூட நஸ்ரியா மிஸ் வந்து நின்றார்.

“அந்தோனி அண்ணன், மீன் பிடிக்கிறீங்களா?”

“செத்துப்போச்சுங்க மிஸ். எல்லாம் போச்சு.”

அவர் முதல் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். “யா அல்லாஹ்! அதுக்கு யாரு காத்து குடுத்த?”

“சும்மா கெடந்துச்சுங்க... பெரியவங்க வர்றாங்களேன்னு...”

“அது சும்மா கெடக்கல்ல. ரெண்டாவது தொட்டியில கிருமி அமோனியாவ நைட்ரேட்டா மாத்துது. அந்தத் தண்ணியத்தான் முதல் தொட்டிக்குத் திருப்பி அனுப்புறோம். அங்க காத்து இல்லாததாலதான் கிருமி நைட்ரேட்டப் பிச்சு ஒட்சிசன எடுக்குது. மிச்ச நைதரசன் வாயுவா போயிடும். நீங்க சும்மா காத்து குடுத்தா அது ஏன் மினக்கெடப் போகுது? இப்ப அந்த வேலைய கடைசித் தொட்டியில வந்து செய்யுது. அந்த வாயுதான் சேத்தத் தூக்குது. மீதி நைட்ரேட்டு ஆத்துக்குப் போனா பாசிக்குத்தான் பெருநாள்.”

“அப்ப சாகலையா?”

“சாகவா? ஒங்களவிட உசாரா இருக்கு.”

ஓடிப்போய் வால்வை மூடினேன்.

வியாழன் பெரியவர்கள் வந்தபோதும் பாதிச் சேறு மிதந்தது. அவர்களில் மூத்தவர் அதைக் கவனிக்கவே இல்லை. முதல் தொட்டியைக் காட்டி, “இது என்ன, வேலை செய்யவில்லையா?” என்று சிங்களத்தில் கேட்டார். தப்பிக்க அருமையான இடம். நானோ ஒரு நாள் பாண்டித்தியத்தில், நைட்ரேட்டில் ஆரம்பித்து வால்வைத் திறந்த கை யாருடையது என்பதுவரை சொல்லி முடித்தேன். (மிஸ் தலையில் கைவைத்துக்கொண்டார்.)

இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சாய்கதிரையில் கிடந்தால், என் மனைவி பிள்ளைகளை அதட்டுவாள்: “அப்பாவ எழுப்பாதீங்க, நைதரசன் போயிக்கிட்டிருக்கு.”

சேறு அந்தச் சனிக்கிழமையே தானாக அடங்கியது. நியமனக் கடிதம் மூன்று மாதம் பிந்தி வந்தது.